ஆஸ்வோர் நெய்த பாய்

கிரிம்கெல் ஒரே ஒரு தடவை மேற்கே கொள்ளைக்குப் போனான். எதிர்த்து நின்றது ஒரு கிழட்டுச் சாமியாரும் அவருடைய பசுவும்தான். நசுங்கின வெள்ளிக் கிண்ணத்தோடு திரும்பியவன், அதன் பிறகு வருஷக்கணக்கில் பெருமையடித்தே பொழுதைக் கழித்தான். புல் அறுப்பதும் மீன் காயப்போடுவதும் அவன் பெண்டாட்டி ஆஸ்வோர் பாடு. மாவீரர் பீர் குடித்துவிட்டுக் குறட்டை விடுவார்.

அப்புறம் ஐயாவுக்குக் கப்பல் ஆசை வந்தது. தச்சர்கள் ஒரே குளிர்காலத்தில் கட்டி முடித்தார்கள். பாய்மரத்தில் கட்டும் பாய்க்கு ஆஸ்வோர்தான் நான்கு குளிர்காலம் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். சீதனமாக ஓட்டிவந்த தன் ஆடுகளின் கம்பளியை நூற்று, நெய்து, கொழுப்புத் தடவிப் பதமாக்கினாள். ஊரோ அதை கிரிம்கெல்லின் கப்பல் என்றது.

நடுக்குளிர் விருந்தில் வழக்கம்போலப் பன்றியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதன் முதுகில் கைவைத்துச் சொன்ன சத்தியத்தை மீற முடியாது. போதையில் தள்ளாடிக்கொண்டே கிரிம்கெல் எழுந்தான். பனி உருகியதும் கப்பலைப் பாயோடு அந்த வட்டாரத் தலைவருக்குக் கொடுத்து, அவர் பந்தியில் முன்வரிசையில் உட்காருவேன் என்று சத்தியம் செய்தான். ஒரு பலகையில் குந்துவதற்காக அவளுடைய நான்கு குளிர்காலத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டான், வெட்கங்கெட்டவன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் ஆஸ்வோர், வீட்டுக்கு வந்ததும்.

"கம்பளித் துணிதானே, இன்னொண்ணு நெய்யேன்."

காலையில் அக்கம்பக்கத்தாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். கட்டிலருகில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, இவனை விட்டு விலகுகிறேன் என்று சொன்னாள். வழக்கப்படி அதோடு தீர்ந்தது. அவள் கொண்டுவந்ததெல்லாம் அவளோடு போகும். ஆடுகளும் கம்பளியும் பானையும்தானே, தொலையட்டும் என்று சிரித்தான் கிரிம்கெல். அவளுடைய அண்ணன் ஹவார்த் படகுக் கொட்டகையிலிருந்து பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோதும் அந்த மண்டைக்கு எதுவும் உறைக்கவில்லை.

பனி உருகியது. கப்பலை வாங்க வந்த தலைவரின் ஆட்கள் மொட்டைப் பாய்மரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். கிரிம்கெல் மூச்சிரைக்க ஹவார்த் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"மானம் போகுது ஆஸ்வோர். சத்தியம் பண்ணித் தொலைச்சுட்டேன். பாயை மட்டும் குடுத்துடு."

"கம்பளித் துணிதானே, நீயே நெய்யேன்" என்று சொல்லித் நூல் நூற்கும் தன் தக்ளியை அவன் கையில் வைத்தாள்.

மாவீரருக்கு அதை எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூடத் தெரியவில்லை.