செல்வம் அண்ணனின் எண் 4181

எங்கள் செங்காங் அடுக்குமாடி புளோக்கில் இருந்த செல்வம் அண்ணன், சாப்பாடு டெலிவரி செய்பவர், இன்று காலை விபத்தில் இறந்துவிட்டார்.

அவர் மோட்டார்சைக்கிள் எண் 4181. முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததை எழுதிக்கொண்டே போகும் ஃபிபொனாச்சி வரிசையில் வருவது. கணக்கு டியூஷன் எடுக்கும் நான்தான் ஒருநாள் லிஃப்டில் அவரிடம் சொன்னேன்.

"அந்த வரிசையில நாலு இலக்க எண் மொத்தமே நாலுதாண்ணே. அதுல ஒரே இலக்கம் ரெண்டு தடவ வர்ற முதல் எண் உங்களோடது."

பார்ப்பவரிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

மதியம் சிராங்கூன் சாலையில், நாலு இலக்க எண்ணுக்குப் பணம் கட்டும் 4டி லாட்டரிக் கடையில் நீண்ட வரிசை. விபத்தில் சிக்கிய வண்டியின் எண்ணுக்குப் பரிசு விழும் என்பது இங்கே நம்பிக்கை. எனக்கு முன்னால் நின்ற அங்கிள் கைப்பேசியில் விபத்துப் படத்தைப் பெரிதாக்கி, வண்டி எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

"தம்பி, இத மாத்தி மாத்திப் போட்டா இருபத்து நாலு வருமா?"

"இல்ல அங்கிள். ஒன்னாம் நம்பர் ரெண்டு இருக்கு. பன்னெண்டுதான்."

வகுப்பில் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன்.

"அப்ப ஈசி லா," என்றார்.

அவரைத் திட்டத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். என் சீட்டிலும் அதே எண்தான்.

எங்கள் புளோக்கில் இன்னும் எத்தனை பேர் சீட்டில் இதே எண்ணோ?