ஈரக் கரி

பட்டறைத் தெருவில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறப்பதற்கு முன் பின்னால் போய்க் குந்தி, புகையை முகர்ந்து பார்ப்பார். எதிர்ப் பட்டறையில் நசுங்கிய தகடு தட்டும் டிங்கர் சும்மா இருக்க மாட்டார்.

"அண்ணே, முன்பக்கம் ஒண்ணு இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"நீ தட்டுற வேலையைப் பாரு. சத்தத்துல எனக்கு வாசனை தெரியல."

வண்டி முதல்நாளே வந்துவிட வேண்டும், காலையில் அவர் வரும்வரை யாரும் கிளப்பக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. சூடான எஞ்சின் பாதி நோயை மறைத்துவிடும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி நிறத்தைப் பார்ப்பார். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. இனிப்பு வாடையோடு வெள்ளை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. பிறகு, பழைய படுக்கை விரிப்பில் கிழித்த உள்ளங்கையளவு வெள்ளைத் துணியைப் புகைக்குழாய் வாயில் பிடிப்பார். படிந்த கறையின் மூலையில் வண்டி நம்பரையும் தேதியையும் பென்சிலால் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பார். முப்பது வருடத் துணிகள் அப்படிச் சேர்ந்திருந்தன.

மூக்கரின் அக்கா தன் காரைக் கொண்டுவந்து விட்டபோது அவள் கணவர், மூக்கரின் மாமா, இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. பழைய டர்போ டீசல் கார். மாமா ஓட்டியது. இப்போது அக்கா அதில்தான் அச்சகத்துக்குப் போய் மெய்ப்புத் திருத்திவிட்டு வருகிறாள்.

மறுநாள் காலை அக்கா பக்கத்தில் நிற்க, மூக்கர் சோதித்தார். ஏற்றத்தில் கார் சுத்தமாக இழுத்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அங்கேயே புகை காட்டிக்கொடுத்திருக்கும். பத்து நிமிடம் நிற்கவைத்து ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது பட்டறை முழுக்க நீலப் புகை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் குழாயைக் கழற்றினார். உள்ளே எண்ணெய். அந்த எண்ணெய் திரும்பி வடிய வேண்டிய குழாயில் விரல் விட்டார். கரி அடைத்திருந்தது.

"அக்கா, வீட்டு ஏற்றம் ஏறினதும் உடனே சாவியைத் திருப்பிடுவியா?"

"ஆமா. அந்த சீட்ல ஒரு நிமிஷம்கூட என்னால உக்கார முடியாது."

"டர்போ நெருப்பா கொதிக்கும்க்கா. உடனே நிறுத்தினா எண்ணெய் ஓட்டம் நின்னுடும். உள்ள தங்கின எண்ணெய் அப்படியே கருகிடும். கொஞ்சம் ஓடவிட்டுத்தான் நிறுத்தணும்."

அக்காவின் முகம் மாறியது. "அப்போ அவர் வண்டிக்காகத்தான் உக்காந்தாரா?"

"எங்க?"

"கேட் வாசல்ல. எட்டு வருஷம். தினம் சாயங்காலம் வந்து நிறுத்திட்டு, எஞ்சினை ஓடவிட்டு உக்காந்திருப்பாரு. இருபது நிமிஷம், இருபத்தஞ்சு நிமிஷம். நான் சமையல்கட்டுல கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிப்பேன். என் முகத்துல முழிக்கப் பிடிக்கலன்னு நினைச்சேன். நீதானே உக்காரச் சொன்ன? சொல்லு தம்பி."

ஆமாம் என்றால் போதும். அக்கா நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். மூக்கர் கையை வெகுநேரம் துடைத்தார். இல்லாத நோயை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. டின்னைத் திறந்து அந்தக் காரின் துணிகளைத் தேடி எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். எட்டுத் துணிகள், வருடத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் கரி பொடியாக இல்லாமல் மை சிந்தியதுபோல் ஈரமாகப் பரவிக் காய்ந்திருந்தது.

"டீசல் வண்டியை ரொம்ப நேரம் நிக்கவச்சு ஓடவிட்டாத்தான் இப்படி ஈரக் கரி வரும். மாமாகிட்ட நான் சொன்னது ரெண்டு நிமிஷம்தான்க்கா."

பிழை தேடிப் பழகிய அக்காவின் கண்கள் ஒவ்வொரு தேதியையும் படித்தன.

"அப்போ உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"ஒரு வார்த்தை அவர்கிட்ட கேக்கல."

"புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கெதுக்குன்னு…"

"டின்னுல போட்டு மூடிட்ட."



குழாயைச் சுரண்டி, டர்போவைப் புதுப்பித்து, வண்டியைக் கொடுத்தனுப்பினார். இரண்டு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த டின்னைத் தொடும்போதெல்லாம் விரல் ஈரமாகிவிட்டதைப் போல் துடைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம், அச்சகம் முடிந்து எண்ணெய் மாற்ற மட்டும் அக்கா வந்தாள். துணியைப் பிடித்தார். நீலம் இல்லை. ஆனால் கறை ஈரமாக விரலில் ஒட்டி இழுத்தது.

"எவ்வளவு நேரம் உக்காருற?"

"நீ சொன்ன ரெண்டு நிமிஷம்தான்."

தேதியை எழுதினார். டின் மூடியில் கை வைத்தவர் அதைத் திறக்கவில்லை. பிறகு துணியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பட்டறையைப் பூட்டி, காரில் அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க கிளம்பிட்ட? வீட்டுல ஒண்ணும் ஆக்கி வைக்கல."

"சாப்பிட வரல."

கேட் வாசலில் கார் நின்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நேராகச் சமையலறை ஜன்னல். உள்ளே விளக்கு எரிந்தது.

"வீட்டுல யாரு?"

"யாருமில்ல. காலையிலயே லைட்டைப் போட்டுட்டுத்தான் கிளம்புவேன்." அக்கா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் நின்னது இங்கேருந்து முழுசா தெரிஞ்சிருக்கு தம்பி. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு கடிகாரத்தைப் பாத்தது எல்லாம். நானும் ஒருநாள்கூட வாசலுக்கு வரல."

"அக்கா, ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"தெரியும்."

வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மூக்கர் இறங்கினார். சமையலறைக்குப் போய் ஜன்னல் முன்னால் நின்றார். அங்கிருந்து காரின் கண்ணாடி வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் பார்க்கிறாரா, அழுகிறாரா, எதுவும் தெரியவில்லை. மூக்கர் கையை உயர்த்தி, உள்ளே வா என்று ஆட்டினார்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கையை இறக்கவில்லை.