அம்மா திருப்பிக்கொள்ளாத முகம்

இறந்துபோன என் அம்மாவைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். வாய்தவறிச் சொன்னது அல்ல. ஒருத்தி நொறுங்க வேண்டும் என்பதற்காகவே சொன்னேன். நொறுங்கினாள். அதைப் பார்த்தபோது எனக்கு இனித்தது!

என்னைத் திட்டுவதற்கு முன் என் அம்மாவை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியை. எண்பத்தெட்டு வயதுவரை வாழ்ந்தார். பசியோடு வரும் பிள்ளைகளுக்காக வகுப்பு அலமாரியில் ஒரு டின் பிஸ்கட் எப்போதும் இருக்கும். எந்தப் பிள்ளை என்ன தப்புச் செய்தாலும் மறுநாள் காலையில் அதை மறந்துவிடுவார். பண்டமாரான் பாசாருக்கு மீன் வாங்கப் போனால் வழிநெடுக "டீச்சர், டீச்சர்" என்று குரல்கள்... வீடு திரும்ப ஒரு மணி நேரம் ஆகும்.

அவருடைய வகுப்பில்தான் நானும் படித்தேன். பள்ளியில் நானும் அவரை டீச்சர் என்றே அழைக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது.

ஐந்தாம் ஆண்டுச் சோதனையில் என் கட்டுரையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த புஷ்பாவின் கட்டுரையும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. யார் பார்த்து எழுதியது என்று டீச்சர் கேட்டார். புஷ்பா என்னைக் கைகாட்டினாள். "நான் இல்ல டீச்சர்" என்று அழுதேன். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் பேசிவிடக் கூடாதே! வகுப்பே பார்க்க என் உள்ளங்கையில் பிரம்பு விழுந்தது.

"டீச்சர் பிள்ளையே திருடலாமா?" என்று கேட்டார்.

அடி ஆறிவிட்டது. அந்தக் கேள்வி ஆறவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, படுக்கையில் கிடந்தவருக்குக் கஞ்சி ஊட்டியபோதும் அது என் காதில் இருந்தது...

அப்போதுதான், மூன்று ஆண்டுகளுக்கு முன், புஷ்பா வந்தாள். இப்போது பிரிக்பீல்ட்ஸில் பெயர்பெற்ற வழக்கறிஞர். கையில் பழக்கூடை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே அழுதாள்.

"டீச்சர பாக்கணும் லா. அன்னைக்கு காப்பி அடிச்சது நான்தான். அவங்க போறதுக்குள்ள சொல்லி மன்னிப்பு கேட்டுடணும்."

நான் காத்திருந்த நாள் அல்லவா அது? கேட்டைத் திறந்திருக்க வேண்டாமா?

திறக்கவில்லை. நான் கதறிச் சொன்னபோது நம்பாத அம்மா, இவள் வந்து சொன்னதும் நம்புவாரா? நம்பியதும், வழக்கம்போல் இவள் தலையைத் தடவிக் கொடுப்பார்! அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமா?

"தூங்குறாங்க. நானே சொல்லிடறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

அவள் கார் கிளம்பியதும் உள்ளேயிருந்து அம்மாவின் குரல். "யாரும்மா வந்தது?"

"பார்சல்காரன், டீச்சர்."

அடுத்த வாரம் அம்மா போய்விட்டார். உண்மை தெரியாமலே போனார். பதினாறாம் நாள் காரியத்தில் புஷ்பா என்னைத் தனியே இழுத்தாள்.

"சொன்னியா? என்ன சொன்னாங்க?"

"சொன்னேன். ஒண்ணும் பேசல. முகத்தத் திருப்பிக்கிட்டாங்க."

செருப்புகள் கிடந்த படியிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள்.

எந்தப் பிள்ளையிடமிருந்தும் ஒருநாளும் திரும்பாத முகம் அது! புஷ்பாவைப் பழிவாங்கியதாகத்தான் நினைத்திருந்தேன். பிறகுதான் உறைத்தது... செய்யாத தப்புக்கு அம்மாவையும் தண்டித்திருக்கிறேன், அவர் என்னைத் தண்டித்ததைப் போலவே. ஆனால் நான் பிரம்படி பட்டபோது என்னால் வாய்திறந்து மறுக்கவாவது முடிந்தது.

வருந்துகிறாயா என்று கேட்கிறீர்களா? பாதி நாள் வருந்துகிறேன். மீதி நாள், இன்னும் கொஞ்சம் அழட்டுமே என்றுதான் இருக்கிறது.

ஆண்டுதோறும் அம்மாவின் நினைவு நாளில் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புஷ்பா வாழையிலைச் சாப்பாடு போடுகிறாள். போன மாதமும் போட்டாள். மண்டபத்தில் அம்மாவின் படம். அவள் வாங்கிவந்த மல்லிகை மாலையை என்னிடம் நீட்டினாள்.

"நீயே போட்டுடு லா. அந்த முகத்த என்னால பாக்க முடியல."

உண்மை தொண்டைவரை வந்தது...

"குடு" என்று மாலையை வாங்கிக்கொண்டேன்.