கஸ்தூரியின் கோபம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நகரியில் நண்பர் முனிரத்தினம் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி வந்தது. கூடவே சண்டையும் வந்தது.

முனிரத்தினம் திருத்தணி தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேரப் போகிறது. நகரி ஆந்திராவிலேயே நிற்கிறது. ஆபீஸோடு அவரும் அந்தப் பக்கம். ஆகவே குடித்தனத்தைத் திருத்தணிக்கு மாற்ற முடிவு செய்துவிட்டார். அதோடு விட்டாரா? மனைவி கஸ்தூரி டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய், "அவளுக்கு உடம்பு முடியல, இனிமே வர மாட்டா" என்று ஹெட்மாஸ்டரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அவளைக் கேட்காமலே!

கஸ்தூரிக்குச் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே வந்த சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர். மருந்து கொஞ்சம் தூக்கலாகி ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டால் கை நடுங்கும், வியர்க்கும், காரணமே இல்லாமல் எரிந்து விழுவாள். உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

விஷயம் என் எதிரில்தான் அவளுக்குத் தெரிந்தது.

"யாரக் கேட்டுக்கினு சொன்னீங்க?" — குரல் உயர்ந்தது. கை நடுங்கியது.

முனிரத்தினம் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "அம்மா, சக்கரத் தண்ணி எடுத்துக்கினு வா! இவளுக்கு எறங்கிடுச்சு."

அவர் அம்மா டம்ளரோடு ஓடி வந்தார். "குடிம்மா... எல்லாம் சரியாப் பூடும்."

கஸ்தூரி டம்ளரைப் பார்த்தாள். வாங்கினாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் காபி ஆறிப்போனது.

வெகுநேரம் கழித்துக் கண் திறந்தாள். கையை நீட்டிப் பார்த்தாள். நடுக்கம் இல்லை. குரலும் உயரவில்லை.

"சக்கர ஏறிடுச்சு. கோவம் எறங்கல. நான் வேலைய வுட மாட்டேன்."

முனிரத்தினம் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

கிளம்பும்போது கஸ்தூரி தெருமுனை வரை கூட வந்தாள். "வேணாம்னு டம்ளரைத் தள்ளியிருக்கலாமே அம்மா?" என்றேன்.

"நெஜமாவே எறங்கியிருந்தா? எனக்கே தெரியாதுண்ணா! கோவம் வந்தா, அழுக வந்தா, ஏன் — சிரிப்பு வந்தாக்கூட, இது நானா, மருந்தான்னு கேட்டுப் பாக்கணும். இத்தினி வருசமா கேட்டுக்கினேதான் இருக்கேன். சில நாளு அலுத்துப் பூடும். ஆனா, கேட்டப்புறமும் நிக்குது பாருங்க... அது என்னோடது. அத யாருக்கும் வுட்டுத் தர மாட்டேன்."

காட்டில் தனியாக உட்கார்ந்து முனிவர்கள் செய்ததாகச் சொல்கிறார்களே — அந்த வேலையை இந்தப் பெண் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே செய்துகொண்டிருக்கிறாள்! நாமும்தான் கோபப்படுகிறோம். என்றைக்காவது அதை நிறுத்தி, 'நீ யார்?' என்று விசாரித்திருக்கிறோமா?

மறுநாளே முனிரத்தினம் ஹெட்மாஸ்டரிடம் போய், தான் சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டார். குடித்தனம் நகரியிலேயே. அவர்தான் தினமும் ரயிலேறிப் போய் வரப்போகிறார்.

கஸ்தூரி குரலை உயர்த்தினால் மாமியார் இப்போதும் டம்ளரோடுதான் வருகிறாராம். ஆனால் நீட்டும்போதே, "இன்னா விசயம், சொல்லு" என்று கேட்டுவிடுகிறாராம்.

பாதி வைத்தியம் அதுதானே!