துரை சொன்ன ‘தியரெட்டிக்கலி’

இன்று காலை எங்கள் தோட்டத்து மேனேஜர் துரைக்கு மூன்று முறை "தேங்க்யூ சேர்" சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஏ.எல். பரீட்சை பாஸான மகளுக்கு ஆபீசில் கிளார்க் வேலை கேட்டுப் போயிருந்தேன். "தியரெட்டிக்கலி, யெஸ்" என்றார். துரை இங்கிலீஷில் பேசினால் தலையாட்டுவது எங்கள் தோட்டத்து வழக்கம். நானும் ஆட்டிவிட்டு, வரும் வழியிலேயே நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேருக்கு, வேலை கிடைத்துவிட்டதென்று சொல்லிவிட்டேன்.

பெல்மதுளை நெட் கடையில் மகள் அந்தச் சொல்லைத் தேடினாள்.

"பேச்சுக்கு நடக்கலாம், நெசத்துல நடக்குமான்னு சொல்ல முடியாது. அதாம்ப்பா அர்த்தம்."

"எங்கருந்து வந்த சொல்லும்மா?"

"கிரேக்கத்துலருந்து. தள்ளி நின்னு பாக்குறதுன்னு அர்த்தமாம். ஏம்ப்பா, லயத்துல யார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"தியரெட்டிக்கலி, இல்ல."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு மறுபடி போய்க் கேட்பதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா? உங்கள் துரைமார் இப்படிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள், எழுதுங்கள்.

மகளிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த ஆபீஸ் நாற்காலியைப் பேச்சுக்காவது ஒருவர் தரலாம் என்றது, எங்கள் குடும்பத்தில் அவளுக்குத்தான் முதல் தடவை.