காலை ஆறே முக்கால் அவசரம்

ஊரே அவரை ஷட்டர்காரர் என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து விழுகிற பம்ப் ஹவுஸில் அவருக்கு வேலை. அங்கே ஒரு பெரிய கிணறு. அதில் சேரும் கழிவு நீரை இழுத்து, ஊருக்கு வெளியே இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ள இரண்டு மோட்டார்கள். கிணற்றோரம் சக்கரம் வைத்த இரும்புக் கதவு ஒன்று, அதுதான் ஷட்டர். மோட்டார்கள் திணறிக் கிணறு நிறைந்துவிட்டால், சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் தூக்க வேண்டும். மிச்சமெல்லாம் பின்பக்கக் கால்வாய் வழியே ஏரிக்குப் போய்விடும். "அவசர காலத்தில் மட்டும், பத்து நிமிடத்துக்கு மிகாமல்" என்று சுவரில் எழுதியிருந்தார்கள்.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் வேலைக்கு வந்தபோது அந்தச் சக்கரத்தில் சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க எழுந்து, குளித்து, துவைத்து முடித்தாலும் தண்ணீர் கிணற்றுச் சுவரின் பச்சைக் கோட்டைத் தாண்டாது. மனுஷன் பாட்டுக்கு நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படிப்பார்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். ஒற்றை வீடு மாடி வீடாயிற்று, மாடி வீடு நாலடுக்காயிற்று, நாலடுக்கின் மொட்டைமாடியிலும் தகரம் போட்டு ஆள் வைத்தார்கள். இதையெல்லாம் ஷட்டர்காரர் தெருவில் போய்ப் பார்க்கவே இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். பள்ளிக்கூட லீவில் விருந்தாளிகள் வந்தால் ஒரு சாண் ஏறும், லீவு முடிந்தால் இறங்கும். புதுக் கட்டடத்தில் ஆள் குடியேறினால் நாலு விரல் ஏறும், அது இறங்கவே இறங்காது. இப்படியே பச்சைக்கோடு போய், மஞ்சள்கோடு போய், ஒருநாள் காலை ஆறே முக்காலுக்குச் சிவப்புக்கோடும் மூழ்கியது. அன்றைக்குத்தான் சிலந்தியைக் காலி பண்ணிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார்.

மறுநாளும் ஆறே முக்காலுக்குச் சுற்ற வேண்டி வந்தது. அதற்கு மறுநாளும். ஒரு மாதம் பார்த்துவிட்டு இன்ஜினியரிடம் போய் நின்றார்.

"சார், நோட்டுல தினமும் அவசரம்னு எழுத எனக்கே கூச்சமா இருக்கு. தினமும் வர்றது எப்படி சார் அவசரம்? வழக்கம்னு எழுதட்டுமா?"

இன்ஜினியர் பதறிப்போனார். "யோவ், வழக்கம்னு எழுதினா ஏன்னு கேப்பாங்க. புது மோட்டார் கேட்டு நான் கடிதம் எழுதணும். அவங்க ஆள் அனுப்பி ஜனத்தொகையை எண்ணணும். யாருக்கய்யா நேரம் இருக்கு? அவசரம்னே எழுதும்."

அன்றிலிருந்து ஊரில் தினமும் ஆறே முக்காலுக்கு ஓர் அவசரம் ஒழுங்காக வந்தது. பத்து நிமிஷம் அரை மணி ஆயிற்று, அரை மணி ஒன்றரை மணி ஆயிற்று. நோட்டில் மட்டும் பத்து நிமிஷமே.

"எங்கிருந்துதான் வந்து குவியறாங்களோ! ஈசல் மாதிரி!" என்று சக்கரம் சுற்றும்போதெல்லாம் கறுவுவார் ஷட்டர்காரர். வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுத்தான். அவர் வீடு என்பது பம்ப் ஹவுஸ் ஊழியருக்கான இரண்டறைக் குடியிருப்பு. ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கியவருக்கு நாலு பிள்ளைகள். மகள்கள் இருவரும் கல்யாணமாகிப் போன பிறகும், மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று மொத்தம் பதினோரு உருப்படி. காலையில் கழிப்பறை வாசலில் வரிசை நிற்கும். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே மனைவி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"ஊர்ல ஜனம் பெருத்துப் போச்சுன்னு நாள் பூரா கத்துறீங்களே, நம்ம வீட்ல என்னவாம்?"

"நம்மளுது குடும்பம்டி. அவங்கதான் கூட்டம்" என்றார் அவர், முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல்.

இதற்கிடையில் ஏரியின் கதை முடிந்துகொண்டிருந்தது. முதலில் மீன் செத்து மிதந்தது. மீன் பிடித்தவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு ஆட்டோ ஓட்டப் போனார்கள். கரையோரத்துக் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. முறையிட வந்த ஏரிக்கரை ஆட்களை, "உங்க நாலு வீட்டுக்காக ஊரையே முக்க முடியுமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் ஷட்டர்காரர். கொக்கு, நாரையெல்லாம் எங்கே போனதென்று யாரும் விசாரிக்கவில்லை. கடைசியில், இப்படி நாறுகிறதை ஏரி என்று எதற்கு வைத்திருக்க வேண்டும், வீடில்லாமல் எத்தனை ஜனம் தவிக்கிறது என்று பெரிய மனசு பண்ணி, இடிபாட்டு மண்ணைக் கொட்டி மனை போட்டு விற்க ஆரம்பித்தார்கள். "ஏரிக் காற்றோடு ஒரு வீடு" என்று விளம்பரம் வேறு.

ஷட்டர்காரருக்கு ஓய்வு பெற இன்னும் நாலு மாதம்தான். குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போனால் எந்த வீட்டுக்காரனும் வாசலிலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடுவான். அதனால் ஆயுசுக்கும் சேர்த்ததைப் போட்டு அந்த மனையில் ஒரு வீடு வாங்கினார். ஏமாந்து வாங்கினார் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று தடவை போய், சுவரைத் தட்டி, குழாயைத் திருகி, கதவை ஆட்டி, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று துருவித் துருவிக் கேட்டுத்தான் வாங்கினார். ஆனால் மூன்று தடவையும் போனது டியூட்டி முடிந்த பிறகு, சாயங்காலம் நாலு மணிக்கு. அந்த நேரத்தில் அந்த இடம் பூஞ்சோலை மாதிரி இருக்கும். காலை ஆறே முக்காலுக்கு அங்கே எப்படி இருக்கும் என்று பார்க்க அவருக்கு வழியே இல்லை. அந்த நேரத்தில் அவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அதுதான் ஏரிக்குப் போகிறதே!

குடிவந்த முதல் வாரமே மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க, காலையில குடலைப் புரட்டுற மாதிரி ஒரு நாத்தம் வருதுங்க. நீங்க வேலைக்குப் போனதும் வருது, நீங்க திரும்பி வர்றதுக்குள்ள போயிடுது."

"அக்கம்பக்கத்துல ஆளுங்க சுத்தமில்ல. ஜனம் பெருத்தா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் சின்ன மருமகளுக்குக் குழந்தை பிறந்தது, குடும்பத்தில் பன்னிரண்டாவது ஆள். எட்டாம் மாதத்திலேயே பிறந்த பெண் குழந்தை. ஒரு கையில் அடங்கிவிடும். "கிருமி எதுவும் அண்டக் கூடாது. ஒரு தடவை காய்ச்சல் கண்டாலும் என்னால எதுவும் சொல்ல முடியாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பினார். வாசல் பக்கத்து அறையைக் கழுவித் துடைத்துத் தாயையும் பிள்ளையையும் அதில் வைத்தார்கள். ஷட்டர்காரர் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் அறை வாசலில் நிற்பார். உள்ளே போகமாட்டார். நாலு பேரப்பிள்ளைகளுக்கு மேல் கண்டவர்தான், ஆனாலும் இந்தக் குழந்தை மேல் அவருக்கு உயிர். அதன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

ஏரியில் மிச்சமிருந்தது ஒரு பள்ளம்தான். அடுத்த மனைகளுக்காக அதையும் ஒரு செவ்வாய்க்கிழமை லாரி லாரியாக மண் கொட்டி மூடினார்கள். "நம்ம பக்கம் இன்னும் பத்து வீடு வந்தா கடைகண்ணி வரும்" என்று ஷட்டர்காரர் மனசாரச் சந்தோஷப்பட்டார்.

புதன்கிழமை ஆறே முக்காலுக்குச் சக்கரத்தைச் சுற்றினார். கால் மணிகூட ஆகவில்லை, மனைவி போனில் அலறினாள்.

"ஏங்க! கால்வாய் பொங்கி வாசப்படி வரைக்கும் சாக்கடை வந்துருச்சுங்க! குழந்தை அந்த ரூம்லதாங்க இருக்கு!"

ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது: பள்ளத்தையும் மூடியாயிற்று, அவர் திறந்துவிடும் தண்ணீருக்கு இனி அவர் வாசல்தான் ஏரி. ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிக் கதவை இறக்கினார். கிணறு சிவப்புக்கோட்டைத் தாண்டிக் கறுப்பாக ஏறிக்கொண்டே வந்தது. போன் ஓயவில்லை. மூன்றாம் தெருவில் பாத்ரூமுக்குள் பொங்குகிறதாம். ஐந்தாம் தெருவில் சமையலறை வரை வந்துவிட்டதாம். கடைசியில் இன்ஜினியரே வந்தார்.

"என்னய்யா பண்றீரு? என் வீட்டுக் கூடத்துல மிதக்குது! திறவும்!"

"சார், அந்தத் தண்ணி என் வீட்டுக்குப் போகுது சார். பச்சப்புள்ள இருக்கு சார்" என்று கைகூப்பினார் ஷட்டர்காரர்.

"எல்லார் வீட்லயும்தான்யா புள்ள இருக்கு. அதானே பிரச்சனை!" என்றார் இன்ஜினியர். "மூணாம் தெருவுல மட்டும் எத்தனை கைக்குழந்தை தெரியுமா? ஒரு வீட்டுக்காக ஊரையே முக்கிடுவீரா?"

இத்தனை வருஷமும் இதே நியாயத்தைத்தான் அவரும் ஏரிக்கரை ஆட்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். சக்கரத்தைப் பிடித்தார். அழுதுகொண்டே சுற்றினார். கதவை முழுசாகத் தூக்கியதும், டியூட்டியை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினார்.

வீட்டில் கணுக்கால் வரை சாக்கடை நின்றது. குழந்தையின் துணிகள் அதில் மிதந்தன. மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிப் படியின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். வெயில் முகத்தில் படாமல் முந்தானையால் மூடியிருந்தாள். குழந்தை இருமியது. மற்ற எல்லாரும் படிக்கு ஒருவராக நின்றார்கள்.

மனைவி அவரைப் பார்த்ததும் வெடித்தாள். "நடுவுல கொஞ்ச நேரம் நின்னுச்சுங்க. வடிஞ்சிரும்னு நினைச்சேன். மறுபடியும் எந்தப் பாவி திறந்து விட்டானோ, அவன் விளங்குவானா?"

"நான்தான் திறந்தேன்" என்றார் ஷட்டர்காரர்.

அவள் அவர் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போங்க! போய் மூடுங்க!"

அவர் நகரவில்லை. மேலே குழந்தை மறுபடியும் இருமியது.

"மூட முடியாதுடி" என்றார். "மணி ஏழரைதான் ஆகுது. பாதி ஊரு இன்னும் எந்திரிக்கவே இல்ல."