இடது கை காட்டிய பிரஷர்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை. ஜீவானந்தம் அங்கே இருபத்திரண்டு வருஷம் ஒரே மெஷினில் நின்றவன். அவனுடைய சோறு, பேர், கர்வம் எல்லாம் வலது கையில்தான் இருந்தது. இடது கை சின்ன வயதிலிருந்தே சவலை. எப்போதும் சில்லென்றிருக்கும். தலைக்கு மேலே தூக்கி ஐந்து நிமிஷம் வேலை செய்தால் கனத்துத் தொங்கும், கூடவே தலையும் சுற்றும். வெள்ளையடிக்கச் சொன்னால் பாதிச் சுவரில் ஏணியைவிட்டு இறங்கிவிடுவான். சோம்பேறி என்று அவன் அப்பா வைத்த பெயர் பட்டறை வரைக்கும் வந்தது.

அவன் மனைவி ரோஸி, தாம்பரத்தில் ஆறு மாதம் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள். பெருங்களத்தூர் அடுக்குமாடி வீடுகளில் படுத்த படுக்கையான பெரியவர்களைக் குளிப்பாட்டுவாள், மாத்திரை கொடுப்பாள், பிரஷர் பார்ப்பாள். பிரஷர் மெஷின் சொந்த மெஷின். தெருவில் வேறு யாரிடமும் இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பு.

பட்டறைக்கு வருஷா வருஷம் மெடிக்கல் கேம்ப் வரும். லேத்தில் நிற்கிறவனின் வலது கை சட்டையோடு சேர்த்து கிரீஸும் இரும்புத்தூளுமாக இருக்கும். பிரஷர் பட்டையில் அழுக்குப் பட்டால் கேம்ப் ஆள் கத்துவார். அதனால் இடது கையை மட்டும் துடைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது அங்கே எழுதாத சட்டம். கேம்ப் தொடங்கியதிலிருந்து பதினோரு வருஷம் ஜீவானந்தமும் இடது கையையே நீட்டினான். பதினோரு வருஷமும் நூற்றுப்பத்துக்கு எழுபது. ஃபிட் என்று சீட்டு.

வீட்டிலும் அதே கதைதான். இடது கையில் பார் என்று வகுப்பில் சொன்னதை ரோஸி பிடித்துக்கொண்டாள். முதல் தடவை இரண்டு கையிலும் பார்க்க வேண்டும் என்றும் அதே வகுப்பில் சொன்னார்கள். அதை நோட்டில் எழுதிக்கொண்டதோடு சரி.

நாற்பத்தேழு வயதில் அவனுக்குக் காலைத் தலைவலி ஆரம்பித்தது.

"இன்னா நர்சம்மா, பொடனி தெறிக்குது. ஊருக்கெல்லாம் பாக்குற, கட்னவன கொஞ்சம் பாரேன்."

பட்டையைச் சுற்றினாள். நூற்று நாலு.

"லோ பிரஷர்யா. துன்னாம கொள்ளாம டீயா குடிச்சிகினு கீற, வேற இன்னா வரும்?"

"மருந்து?"

"உப்புதான்."

தினம் காலையில் எலுமிச்சம்பழ ஜூஸில் தாராளமாக உப்பு. மூன்று மாதம். மூஞ்சியைச் சுளித்தால் பக்கத்தில் நின்று குடிக்கவைத்தாள்.

போன ஆகஸ்டில் லேத் பக்கத்திலேயே சரிந்தான். கூட வேலை செய்யும் பிரிட்டோ ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் இரண்டு மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் நாடி பார்த்துவிட்டு, இரண்டு கையிலும் பட்டையைச் சுற்றினார். வலது கையில் பிரஷர் இருநூற்று இருபது. இடது கையில் நூற்றுப் பன்னிரண்டு. மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் கசிந்திருந்தது. உயிர் தங்கியது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின.

ஸ்கேன் வந்த பிறகு டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று காகிதத்தில் வரைந்து காட்டினார்.

"இதயத்துலேருந்து வர்ற பெரிய ரத்தக்குழாய் இடது பக்கமா வளையணும். இவருக்கு வலது பக்கமா வளைஞ்சிருக்கு. இடது கைக்குப் போற குழாய் அதுல சேரவே இல்ல. தாய் வயித்துலயே அப்படி. மூளைக்குப் போற ரத்தத்துல கொஞ்சம் கழுத்து வழியா இறங்கி அந்தக் கைக்குப் போயிருக்கு. ரொம்ப அபூர்வம்மா."

"அப்ப நான் பாத்த பிரஷர்?"

"அது அந்தக் கையோட பிரஷர். இவரோடது இல்ல. வீட்டுல ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கல" என்றாள் ரோஸி. உப்பு மருந்தில்லைதானே.

பிறவிக்கோளாறு என்ற வார்த்தை எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. பட்டறை சூப்பர்வைசர் ஆப்பிளோடு வந்து அதைச் சொன்னார். கேம்ப் ஆளும் போனில் அதையே சொன்னார். யாரும் வலது கையைத் துடைக்கச் சொல்லவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரோஸி அவனுக்கு இடது கையால் சாப்பிடப் பழக்கினாள். நாலு வாய் சாப்பிடுவதற்குள் கை கனத்துவிடும். தலை சுற்றிக் கண்ணை மூடிக்கொள்வான். மிச்சத்தை அவள்தான் ஊட்ட வேண்டும்.

படப்பையிலிருந்து அவன் தங்கை ஏஞ்சல் அண்ணனைப் பார்க்க வந்தாள். இட்லித் தட்டையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நர்ஸு வூட்லயே கீது. எப்டி அண்ணி தெரியாம போச்சு?"

"பொறவிக்கோளாறு ஏஞ்சல். யார் பாத்தாலும் தெரிஞ்சிருக்காது."

ஜீவானந்தத்துக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது போகவில்லை. நீட்டிய இட்லியை விட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பசி இல்ல போல" என்றாள் ஏஞ்சல்.

"கீது" என்றாள் ரோஸி. அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, அடுத்த வாயை ஊட்டினாள்.